கட்டுப்பாட்டு அறையில் காற்றுக்கசிவு: அனுபவமுள்ளோர் உதவ வேண்டுகிறேன்
வணக்கம். கும்பகோணத்தில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருக்கும் நான், அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறைக்குள் வடிகட்டப்படாத காற்று நுழையாமல் காப்பது குறித்துப் பாடம் தயாரித்து வருகிறேன். கதவிடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்து, புகை வெளிப்பக்கம் சாய்வதைக் காட்டினால், உள்ளே அழுத்தம் கூடுதல் என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் அறை நல்ல அழுத்தத்தில் இருக்கும்போதே, அதற்கு வெளியே செல்லும் டக்டின் (காற்றுக்குழாயின்) உறிஞ்சும் பகுதியிலுள்ள சிறு விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்துவிடக்கூடும். இதனால்தான் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003-இல் தடங்காட்டி வாயுச் சோதனையின் (அறைக் காற்றில் ஒரு வாயுவைக் கலந்து, அதன் செறிவைக் கொண்டு கசிவை அளப்பதன்) தேவையை எடுத்துரைத்தது. சல்பர் ஹெக்சாபுளோரைடு என்னும் தடங்காட்டி வாயுவைச் செலுத்தி, அதன் செறிவு குறையும் வேகத்தை அளந்து பழகியவர்கள், கசிவு இருப்பது தெரிந்தபின் அது கேபிள் துளையிலா, டேம்பரிலா (டக்டில் காற்றோட்டத்தை அடைக்கும் தகட்டிலா), கதவு ரப்பரிலா என்பதை எவ்வாறு பிரித்தறிந்தீர்கள் என்று எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.