திருப்பூர் ஓட்டத்துக்கு ஹைப்ரிட் கார் கட்டுபடியாகுமா?

காங்கேயம் ரோட்டுக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஜாப் ஒர்க் அடிப்படையில் ஒரு சிறிய தையல் யூனிட் நடத்துகிறேன். காலையில் கிளம்பினால் நிட்டிங், சாயப்பட்டறை, கம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பேன். வாரத்தில் ஓரிரு நாள் கோவை, எப்போதாவது கரூர். மாதம் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓடும். அதில் 1,000 வரை ஊருக்குள், மீதி நெடுஞ்சாலையில். இப்போதுள்ள டீசல் கார் பத்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் மாற்றியாக வேண்டிய நிலை.

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகிய இரண்டின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை நகர்த்தக்கூடிய மின்மோட்டாரும் உள்ள) வகைகளுக்கும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். மாருதியில் புதிதாக வந்த விக்டோரிஸின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு 28.65. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டையும் பார்த்தேன். ஓட்டுவதற்கு மிக நன்றாக இருந்தது, ஆனால் விலை என் கைக்கு எட்டவில்லை. இதே ஹைரைடரில், சிறிய மோட்டார் இன்ஜினுக்கு உதவ மட்டும் செய்யும் மைல்ட் ஹைப்ரிட் என்று ஒரு வகை உண்டு. நான் வாங்கிய விலைப்பட்டியல்களின்படி அதற்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் ஷோரூம் விலையில் இரண்டரை லட்சம் வித்தியாசம். நம் மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம் என்பதால், வண்டி வீட்டுக்கு வரும்போது வித்தியாசம் மூன்று லட்சத்தைத் தொட்டுவிடுகிறது.

28 என்பது நம் சாலைகளில் உண்மையிலேயே கிடைக்குமா? கிடைக்காவிட்டால் எவ்வளவு கிடைக்கும்? அந்த மூன்று லட்சம் எத்தனை ஆண்டில் திரும்பும்? கையில் வண்டி வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பீளமேட்டு வண்டி

ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 28 கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், கிடைக்கும் அளவு ஒன்றும் குறைவானதல்ல.

கோவைக்குள், குறிப்பாகக் காந்திபுரம், நூறடி ரோடு, உக்கடம் பக்கம் மாலை நேரத்தில் ஊர்ந்து போகும்போது, ஏசி ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் 22 முதல் 24 வரை வருகிறது. நெரிசலில்தான் இந்த வண்டி நன்றாகக் கொடுக்கிறது என்பதை நம்புவதற்கே எனக்குச் சில மாதங்கள் ஆயின. சேலம் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாமல் போனால் 21, 22. அதே சாலையில் 100, 110 என்று அழுத்தினால் 17, 18-க்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் மூன்று சிலிண்டர் இன்ஜினின் இரைச்சலும் காதில் விழும். ஹோண்டாவின் நான்கு சிலிண்டர் இன்ஜின் இந்த விஷயத்தில் மேல்.

அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு, கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை பத்து கிலோமீட்டரைச் சிக்னலே இல்லாமல் கடந்துவிடலாம். சாதாரணப் பெட்ரோல் கார் வைத்திருக்கும் என் மைத்துனருக்கு அதனால் மைலேஜ் தெளிவாகக் கூடியது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மிச்சமானது நேரம் மட்டும்தான்.

டேஷ்போர்டில் காட்டும் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை நிரப்பும் லிட்டரால் வகுத்துப் பாருங்கள். என் வண்டியில் திரையில் தெரிவது இந்தக் கணக்கைவிட ஒன்று, ஒன்றரை கூடுதலாகவே இருக்கிறது. நான் மேலே எழுதியவை எல்லாம் டேங்க் கணக்கு.

பெருந்துறை வாத்தியார்

இயந்திரவியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன்.

28 என்ற எண் சாலையில் ஓட்டிப் பார்த்து எடுத்ததல்ல. வண்டியின் சக்கரங்களை உருளைகள் மீது நிறுத்தி, வகுத்து வைத்த ஒரு வேக அட்டவணைப்படி சுமார் இருபது நிமிடம் ஓட்டுகிறார்கள். அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஏசி ஓடாது, எதிர்க்காற்று இல்லை, மேடு பள்ளம் இல்லை. எனவே ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடத்தான் அந்த எண் பயன்படும், மாதப் பெட்ரோல் செலவைக் கணக்கிடுவதற்குப் பயன்படாது. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், கலவையின் ஆற்றல் ஆறு, ஏழு சதவீதம் குறைகிறது.

பெட்ரோல் இன்ஜின் மெதுவாக ஊரும்போதும் சும்மா நின்று உறுமும்போதும்தான் எரிபொருளை மிக மோசமாக வீணடிக்கும். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் அந்த நேரங்களில் இன்ஜின் அணைந்துவிடுகிறது, வண்டியை மோட்டார் நகர்த்துகிறது. பிரேக் பிடிக்கும்போது சாதாரண வண்டியில் சூடாகி வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. இன்ஜினும் அட்கின்சன் முறையில் இயங்குவது. காற்றை உள்ளே விடும் வால்வு தாமதமாக மூடுவதால் காற்றை அழுத்தும் தூரம் குறைந்து, எரிந்த வாயு விரிவடையும் தூரம் அதைவிடக் கூடுதலாக அமைகிறது. இதனால் சிக்கனம் கிடைத்தாலும் தொடக்க இழுவை குறையும். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. நெடுஞ்சாலையில் 100-இல் ஒரே சீராகப் போகும்போது பிரேக்கும் இல்லை, நிற்பதும் இல்லை என்பதால், இந்த ஏற்பாட்டில் மிஞ்சுவது அட்கின்சனின் சிக்கனம் மட்டும்தான்.

மைல்ட் ஹைப்ரிட்டில் பெல்ட் வழியாக இன்ஜினுக்குக் கைகொடுக்கும் ஒரு சிறிய மோட்டார் இருக்கிறது. அதனால் தனியாக வண்டியை நகர்த்த முடியாது. ஏசி கம்ப்ரசரும் இன்ஜின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் சிக்னலில் இன்ஜின் அணைந்தால் சிறிது நேரத்தில் காற்று சூடாகி, இன்ஜின் மறுபடி எழுந்துகொள்ளும். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் குறையாது. பேட்டரி இறங்கும்போது மட்டும் இன்ஜின் எழுந்து அதை நிரப்பிவிட்டு அடங்கும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்த்து 80-இல் கோவை நோக்கிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், காற்றே இல்லாதபோது இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும் என்றாலும், போகும்போது இழந்தது முழுவதும் கிடைத்துவிடாது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் மாதத்தில் ஒருவழிப் பயணத்தை மட்டும் வைத்து மைலேஜ் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஈரோடு மண்டி

மேலே இருவரும் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் வட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

கணக்குக்கு எளிதாகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விலை அதைவிடச் சற்றுக் கூடுதல். ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டிக்குக் கிளட்ச் மிதி கிடையாது என்பதால் ஆட்டோமேட்டிக் மைல்ட் ஹைப்ரிட்டோடு ஒப்பிடுவதுதான் நியாயம். திருப்பூர் நெரிசலில் அது லிட்டருக்கு 11 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 9 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் 22 கொடுத்தால் நாலரை ரூபாய். ஊருக்குள் ஓடும் 1,000 கிலோமீட்டரில் மாதம் சுமார் 4,500 மிச்சம். நெடுஞ்சாலையில் அது 16, இது 20 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்தான் வித்தியாசம். 500 கிலோமீட்டருக்கு 625 ரூபாய். ஆக மாதம் ஐயாயிரத்துச் சொச்சம், ஆண்டுக்கு 62,000 வரை. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று லட்சம் ஐந்து ஆண்டுக்குள் திரும்புகிறது.

ஆனால் அந்த மூன்று லட்சத்தைக் கடனாக வாங்கினால், 9 சதவீத வட்டியில் முதல் ஆண்டுக்கே 27,000 போய்விடும். கையிலிருந்து போட்டாலும், அதே பணத்தை நூல் வாங்கப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று தொழில் செய்கிறவர் எண்ணத்தானே செய்வார்! இதையும் சேர்த்தால் ஏழு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள் என்பதால், உங்கள் கணக்கு அந்த எல்லைக்குள் முடிந்துவிடுகிறது. அதுவரை வண்டியை விற்காமல் வைத்திருப்பீர்களா என்பதுதான் கேள்வி.

என் ஓட்டம் முழுவதும் நெடுஞ்சாலை. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டினாலும் எனக்கு ஆண்டுக்கு 37,500 ரூபாய்தான் மிச்சமாகும், அதில் பெரும்பகுதி வட்டிக்கே சரியாகிவிடும். ஆகவே நான் டீசலிலேயே இருக்கிறேன். என் நிலையில் இருப்பவர் யாராவது ஹைப்ரிட் வாங்குவதாகச் சொன்னால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காங்கேயம் ரோட்டுக்காரன்

மூவருக்கும் நன்றி. மண்டி அண்ணன் வட்டியைச் சேர்த்தது எனக்குத் தோன்றாத கோணம். நான் ஒரு வண்டி வாங்கினால் பத்து ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருப்பேன் என்பதால் கணக்கு ஒத்துவருகிறது.

இன்னும் சில சந்தேகங்கள். என் ஓட்டம் பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் போவதும் நிறுத்துவதுமாக இருக்கும். அதற்கு ஹைப்ரிட் சரிப்படுமா? சாம்பிள் துணி ரோல்களை ஏற்றுவதற்கு டிக்கியில் இடம் போதுமா? யூனிட்டுகளுக்குள் போய்வரும்போது உடம்பெல்லாம் பஞ்சுத் தூசிதான், காருக்குள்ளும் அதே தூசி. குடும்பத்தோடு வருடத்துக்கு இரண்டு முறை ஊட்டியோ வால்பாறையோ போவோம், மலையில் எப்படி?

பொள்ளாச்சி மேற்கு

கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஓட்டுகிறேன். மலை என் அன்றாடப் பாதை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறும்போது அதிசயம் எதுவும் நடக்காது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் மைலேஜ் பத்து, பன்னிரண்டுக்கு வந்துவிடும். இறங்கும்போது பேட்டரி நிறைந்து எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது நடக்காது. இதன் பேட்டரி முக்கால் கிலோவாட் மணி அளவே கொண்டது. ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்கும்போது கிடைக்கக்கூடிய ஆற்றல் ஆறரை கிலோவாட் மணி. அருவிக்கு அடியில் சொம்பை நீட்டுவதைப் போலத்தான். முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதன் பிறகு மோட்டாரால் அதிகமாகப் பிடித்து நிறுத்த முடியாது. அப்போது கியரை 'B' நிலைக்கு ('P' அல்ல) மாற்றிவிடுங்கள். இன்ஜின் பெட்ரோல் குடிக்காமல் சுழன்று வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக் சூடேறாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

டிக்கியைப் பொறுத்தவரை, நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மைல்ட் ஹைப்ரிட்டில் 373 லிட்டர், ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 265. பேட்டரி அங்கே உட்கார்ந்திருப்பதால் தரை உயர்ந்திருக்கிறது. சாம்பிள் பைகள் போகும். முழு ரோல் என்றால் பின் இருக்கையின் ஒரு பக்கத்தை மடக்கியாக வேண்டும்.

பஞ்சுத் தூசி கவனிக்க வேண்டிய விஷயம். இந்தப் பேட்டரியைக் குளிர்விக்கக் காருக்குள்ளிருந்தே காற்றை இழுக்கிறார்கள். அதற்கான துவாரம் எங்கே இருக்கிறது என்று கையேட்டில் படத்தோடு போட்டிருக்கும். அதன்மேல் துணியோ பையோ வைக்கக் கூடாது, ஒவ்வொரு சர்வீஸிலும் அதன் வலையைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். எனக்குத் தென்னை நார்த் தூசி, உங்களுக்குப் பஞ்சு. இரண்டும் வலையில் போர்வையாகப் படியும்.

பெருந்துறை வாத்தியார்

குறுந்தூர ஓட்டம் பற்றிய கேள்விக்கு மட்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை எழுப்பினால், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி சூடாகும் வரை, பேட்டரி நிறைந்திருந்தாலும் இன்ஜின் சிறிது நேரம் ஓடத்தான் செய்யும். முதல் இரண்டு கிலோமீட்டரில் 12, 13 என்று திரையில் காட்டுவது இதனால்தான். ஒரு யூனிட்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டு அடுத்ததற்குக் கிளம்பினால் இன்ஜினில் இன்னும் சூடு இருக்கும், அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் நீண்ட நேரம் கழித்து ஒரு முறை என்று வைத்தாலும், உங்களுக்கு 20-க்குக் கீழே போகாது என்பது என் மதிப்பீடு.

டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் அழைத்துப்போகும் புறவழிச்சாலை வேண்டாம். மாலை ஆறு மணிக்குக் குமரன் ரோட்டில் ஏசியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். திரையில் உள்ள பயணக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டுத் தொடங்குங்கள், அதே பாதையில் மைல்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக்கையும் ஓட்டிவிட்டு இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.

காங்கேயம் ரோட்டுக்காரன்

ஷோரூமில் பேசிவிட்டேன். மாலை ஆறு மணிக்கு, அதுவும் குமரன் ரோட்டுக்கா என்று ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, சனிக்கிழமை சம்பள நாளைத் தவிர வேறு எந்த நாளானாலும் வரலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு வண்டிகளையும் கேட்டிருக்கிறேன். டிக்கியில் வைத்துப் பார்க்க ஒரு ரோலும் கொண்டுபோகிறேன்.