சாக்குத் துணி, கொழுந்துக்கூடை, கல்யாணச் சோடனை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கொட்டகலை தையல்காரி:
நுவரெலியா பக்கம் ஒரு பழைய துரை பங்களாவுல கல்யாணம். மேசைக்குச் சாக்குத் துணி விரிப்பு, கதிரைக்கு லேஸ் வச்ச கட்டு, முக்கோணக் கொடித் தோரணம், எல்லாம் நான் தைச்சது. அதுல ஒரு கொறையும் இல்ல. மனசுல நிக்கிறது கூடை.

பொண்ணு வீட்டுல தேயிலைக் கொழுந்து எடுக்குற பழைய மூங்கில் கூடைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. பணிய லயத்துல, அதான் தோட்டத்து ஆளுங்க இருக்குற வரிசை வீடுங்கள்ல, வீடு வீடா கேட்டு, கூரைக்கடியில தூசி புடிச்சுக் கெடந்ததையெல்லாம் எறக்கி, கழுவி, காயவச்சு, உள்ளுக்கு வெள்ளத் துணி வச்சுத் தைச்சேன். ஹைட்ரேஞ்சியா பூவ நெறைய அடுக்கி வாசலுக்கு ரெண்டு பக்கமும் வச்சாச்சு. கூடைக் கயித்த சும்மா அழகுக்கு வளைச்சு விட்டிருந்தேன்.

பொண்ணோட அம்மாயி வந்தாங்க. காலமெல்லாம் மலையில கொழுந்தெடுத்தவங்க, தோட்டத்துல பேர் வெட்டி, வேலைய விட்டு நின்னு, சேமலாபக் காசெல்லாம் எப்பவோ வாங்கியாச்சு. பட்டுச் சேலை, தலை நெறையப் பூ. வாசல்ல நின்னு கூடையவே பாத்தாங்க. பொறவு ஒண்ணும் பேசாம பூவையெல்லாம் அள்ளி ஏங் கையில குடுத்துட்டு, கயித்தத் தலையில போட்டு, கூடைய முதுகுல ஏத்தி ரெண்டு குலுக்கு குலுக்குனாங்க. "கயிறு நீளம். இடுப்புல அடிக்கும்"னு எறக்கி, முடிச்ச அவுத்து, ஒரு சாண் சுருக்கி இறுக்கிப் போட்டாங்க. கேமராக்காரப் பையன் ஓடியாந்து, "பாட்டி, இன்னொருக்கா போடுங்க, ஒரு படம்"ன்னான். "போடா, வேல முடிஞ்சிருச்சு"ன்னுட்டு உள்ளுக்குப் போயிட்டாங்க.

கோவமா, சந்தோசமா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. பூவத் திருப்பி அடுக்கவே மனசு வரல. விருந்தாளிங்க வந்துக்கிட்டு இருக்காங்க, அடுக்காம என்ன செய்ய?

மஸ்கெலியா தங்கச்சி:
அக்கா, உங்களுக்குக் கூடையோட போச்சு. எங்க அக்காவுக்குக் கூறைச்சேலையே போச்சு.

ஹட்டன்ல ஹோல், ஜூன் மாசம், வெளியில பேய் மழை. சோடனைக்காரர் மணவறைக்குப் பின்னுக்குச் சாக்குத் துணித் திரை கட்டி, மணவறைக் கதிரைக்கும் அதே துணியில உறை போட்டிருந்தாரு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. தாலி கட்டி முடிஞ்சு அக்கா எந்திரிக்கிறா, கதிரையும் கூடவே எந்திரிக்குது. சேலை ஜரிகை சாக்கு நார்ல மாட்டிக்கிச்சு. நான் குனிஞ்சு மெதுவா எடுக்கலாம்னு போறதுக்குள்ள, ஒரு மாமா உதவி செய்றாராம், புடிச்சு ஒரே இழு. சர்ர்னு ஒரு சத்தம். மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டுச்சு. வீடியோவுல அந்த எடத்துக்கு ஒரு பாட்டப் போட்டு மூடியிருக்காங்க. அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் அக்கா எந்திரிச்சுப் போயிருவா.

பண்டாரவளை டெயிலர்:
தங்கச்சி, அது துணியோட குத்தமில்ல, தைச்சவரு குத்தம். ஆள் உக்காருற எடத்துல சாக்குத் துணிய மொட்டையா விடவே கூடாது. நானும் ஒரு கல்யாணத்துக்கு முழு மண்டபமும் தைச்சுக் குடுத்தவன்தான். மாப்பிள்ள கூட்டாளி ஒருத்தன் என் தோரணத்தக் கழுத்துல சுத்திக்கிட்டு ஆடுனான், கடைசியில அத வச்சே மூக்கையும் சிந்துனான். என் கதை அவ்வளவுதான். இனி தைக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சொல்றேன்.

மொதல்ல சாக்கு. இப்ப அரிசி வர்றது பிளாஸ்டிக் சாக்குல, அது ஒதவாது. சணல் சாக்கு வேணும்னா மாத்தளைப் பக்கம் மிளகு, கராம்பு யாவாரம் செய்றவங்கள்ட்ட கேட்டுப் பாருங்க. புதுத் துணியில மண்ணெண்ண மாதிரி ஒரு வாசம் வரும். மில்லுல நார் எளகணும்னு எண்ணெய் சேக்குறாங்க, அந்த வாசம். பச்சத் தண்ணியில கொஞ்சம் வினாகிரி ஊத்தி ஊறவச்சு, நெழல்ல காத்துல காயப்போடுங்க. வெட்டுறதுக்கு முன்னாடியே நனைச்சிரணும், ஏன்னா சுருங்கும். வோஷிங் மெசின்ல போட்டுராதீங்க. நாரெல்லாம் கழண்டு மெசின அடைக்கும்.

வெட்டும்போது சோக்குக் கோட்ட நம்பாதீங்க. குறுக்க ஒரே ஒரு இழையப் புடிச்சு உருவுங்க. அது போன தடம் ஒரு கோடு மாதிரி தெரியும், அதுமேலயே கத்தரி போகணும். மெசின் ஊசி 16, துணி ரெண்டு மடிப்பா வந்தா 18. தையல் நீளத்த 4 மில்லிமீட்டருக்குக் கூட்டுங்க, பொடித் தையல் போட்டா இழை அறுந்து ஓரமே கழண்டு வரும். ஓரத்துக்குப் பட்டி, இல்லாட்டி சிக்செக். தைச்சு முடிச்சதும் பொபின் பெட்டியத் தொறந்து பிரஷ்ஷால தட்டுங்க, சணல் தூசி எண்ணெய்யோட சேந்தா மெசின் இறுகிரும்.

அடுத்தது நம்ம ஊரு மிஸ்டு, மூடுபனி. நான் கார்மன்ட் பெக்டரியில இருந்தப்ப படிச்ச கணக்கு: துணியில நிக்கிற ஈரம் பருத்திக்கு 8.5 வீதம்னா சணலுக்கு 13.75. அதுவும் சாதாரண காத்துல. ஜூன், ஜூலையில மஸ்கெலியா, நோர்வுட் பக்கம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க. மொத நாள் ராத்திரி கட்டுன திரை காலையில தொங்கித் தரையக் கூட்டும். அதனால காலையில கட்டுங்க, கஞ்சி போடாதீங்க, பூஞ்சணம் புடிக்கும்.

இன்னொண்ணு, ஜேம் போத்தலுக்குச் சணல் கயிறு சுத்தி உள்ளுக்கு மெழுகுதிரி வைக்கிறாங்களே, அந்தக் கயிறு வாய் வரைக்கும் வரக்கூடாது. பெட்டரி லைட் வச்சாப் போதும்.

மஸ்கெலியா தங்கச்சி:
அண்ணே, நான் தைக்கிறவ இல்ல. சேலை கிழிஞ்சதத்தான் சொன்னேன்.

பண்டாரவளை டெயிலர்:
வேற யாராச்சும் வாசிப்பாங்கல்ல. அந்தச் சேலைய இன்னும் வச்சிருந்தா, கிழிஞ்ச எடத்துக்கு அடியில மெல்லிய ஓர்கன்ஸா வச்சு…

தலவாக்கலை பொடியன்:
எல்லாரும் ஊசி நம்பர் பேசுறீங்க. கூடையப் பத்திப் பேச ஆளில்ல.

நான் ஹோட்டல்ல மேசைக்குச் சாப்பாடு கொண்டு போற வேலை. ஒரு கல்யாணத்துக்கு, மேசை நடுவுல விரிக்கன்னு சாக்குத் துணிக் கட்டு ஒண்ணு வந்துச்சு. பிரிச்சா, படங்கு. எங்கம்மா இடுப்புல கட்டிக்கிட்டு மலைக்குப் போற அதே படங்கு, கழுவி, ஓரத்துல லேஸ் புடிச்சு. ஒண்ணுல தேயிலைக் கறை அப்பிடியே இருந்துச்சு. சோடனைக்கார மேடம் அதத்தான் நடு மேசைக்குப் போடச் சொன்னாங்க, "அந்தக் கறைதான் அழகு"ன்னு. அது மேல நான் முள்ளுக்கரண்டி அடுக்குனேன்.

2024ல தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய்க்கு வர்றதுக்கு எத்தன வருசம் கத்துனோம். அன்னைக்கு அந்த ஒரு மேசைப் பூவுக்கு என்ன பில்லுன்னு எனக்குத் தெரியும். கூடையில பூ வைக்கிறவங்க இதையும் கொஞ்சம் யோசிங்க.

ஹப்புத்தளை ரோஜா:
தம்பி, கோவப்படுறது சரி. ஆனா கொட்டகலை அக்காவ ஏன் இழுக்குறீங்க? அவங்களும் லயத்துல இருந்து தைக்கிறவங்கதான்.

எங்கப்பா கூடை பின்னுறவரு. தோட்டத்துல நைலோன் பை வந்தப்புறம் அவரக் கேக்க நாதியில்ல. மூங்கில் சீவுற கத்திய இஸ்தோப்புல, வாசத் திண்ணையில, சொருகி வச்சிட்டு சும்மா உக்காந்திருந்தாரு. ஒரு கல்யாணக்காரங்க தேடி வந்து சின்னச் சின்னதா பொம்மைக் கூடை கேட்டாங்க, வர்றவங்களுக்கு ஏலக்காயும் தேயிலையும் போட்டுக் குடுக்க. அப்பா மொத கூடைய முடிச்சு உள்ளங்கையில வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. "இதுல எத்தன கிலோ புடிக்கும்?"னு கேட்டுட்டுச் சிரிச்சாரு பாருங்க, அப்பிடி அவரு சிரிச்சு நாங்க பாத்ததில்ல. அந்தக் காசுல வீட்டுக்கு லைட் பில் கட்டுனோம். அவமானம்னு எங்களுக்குத் தோணல.

தலவாக்கலை பொடியன்:
உங்கப்பா புதுசாப் பின்னி வித்தாரு, அது தொழில். பழைய படங்க இனாமா வாங்கிட்டுப் போய் விரிக்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க.

கொட்டகலை தையல்காரி:
தம்பி, நான் எடுத்த கூடைக்கெல்லாம் காசு குடுத்துத்தான் எடுத்தேன். சிலபேரு வேணாம்னாங்க, கட்டாயப்படுத்திக் குடுத்தேன்.

நானுஓயா மருமகள்:
சண்டைக்கு நடுவில நானும் ஒண்டு சொல்லுறன். நான் யாழ்ப்பாணத்தில இருந்து இங்க கலியாணம் கட்டி வந்தனான். கொழுந்தனாற்ற கலியாணம் நுவரெலியாவில. 1,868 மீற்றர் உயரத்தில தென்னை எங்க? குருத்தோலை எண்டால் கீழ இருந்து பஸ்ஸில வரவேணும். வந்து சேரேக்க நுனியெல்லாம் பழுப்பு. அதனால நான் முன்கூட்டியே வெளிர்மஞ்சள் துணியில ஓலை மாதிரி மடிச்சு, கிளி, பூ எல்லாம் வச்சு நீளத் தோரணமாத் தைச்சு வச்சனான். மானாப்புல்லுப் பந்தல், பைன் காய், யூகலிப்டஸ் இலை, நடுவில என்ர தோரணம்.

மாமா வந்து பார்த்தார். தோரணத்தைப் பிடிச்சு மூக்கில வச்சு மணந்தார். "மணக்கலியேம்மா" எண்டார். வேறொண்டும் சொல்லேல்லை. கொஞ்ச நேரத்தில எங்கயோ போய், பழுப்பில்லாத ஒரேயொரு குருத்தைக் கொண்டு வந்து, தானே கிழிச்சு மடிச்சு, சரியா நடுவில கட்டினார். மிச்சம் முழுக்கத் துணி. வந்த சனம் எல்லாம் அந்த ஒண்டைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எனக்கு அண்டைக்கு வந்த எரிச்சல் இருக்கே!

பண்டாரவளை டெயிலர்:
மருமகளே, அடுத்த முறை குருத்த ஈரச் சாக்குல சுத்தி, நுனி கீழ பாக்க வச்சுக் கொண்டு வரச் சொல்லுங்க. பழுக்காது.

நானுஓயா மருமகள்:
நன்றி அண்ணா. அடுத்த முறைக்குக் கொழுந்தன் இல்லை, ஒருவர்தான்.

கம்பளை அக்கா:
2022 மார்ச் கடைசி. கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டுனாங்களே, அந்த நாள்ல தங்கச்சிக்குக் கல்யாணம். கரண்ட் மெசின் இருந்த கடைக்காரர் கையை விரிச்சிட்டாரு. எங்க பெரியம்மாட்ட பழைய சிங்கர் கால் மெசின் இருந்துச்சு, பத்து வருசமா அதுமேல டீவி வச்சிருந்தோம். டீவிய எறக்கி, பெல்ட் மாத்தி, தேங்காண்ண விட்டு ஓட்டுனோம். (தெரியும் அண்ணே, தேங்காண்ண விடக்கூடாது. மெசின் எண்ணெய் கிடைக்கல.) பெரியம்மா மிதிக்க, நான் போன் லைட்டப் புடிக்க, கார்மன்ட் வெட்டுத் துணியில கொடி தைச்சோம். அந்தக் கொடியில ஒரு நெறம் ஒருக்காத்தான் வரும், அடுத்தது வேற. அழகுக்கு அப்பிடிப் போட்டீங்களான்னு எல்லாரும் கேட்டாங்க. இருட்டுல நெறம் தெரியலன்னு யாருக்கும் சொல்லல.

ஹட்டன் சோடனை அக்கா:
எனக்கு ஒரே ஒரு கதைதான், எரியிது.

ஒரு ஹோட்டல் கல்யாணத்துக்குச் சாக்குத் துணிக் கொடியில பொண்ணு மாப்பிள்ள பேரு மொத எழுத்து, சிவப்பு நூல்ல கையால போட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளுக்குச் சின்னதா மல்லிகைக் கொடி. கல்யாணம் முடிஞ்சு எடுக்கப் போனா, கூட்டித் தள்ளிட்டாங்கன்னு சொன்னாங்க. சரின்னு விட்டேன். ரொம்ப நாள் கழிச்சு, வேற ஒரு கல்யாணப் படம் போன்ல வந்துச்சு. அதே ஹோட்டல். பின்னுக்குத் தொங்குறது என் கொடி. பெருசாக்கிப் பாத்தேன். "ச"வப் பிரிச்சு "ம" ஆக்கியிருக்காங்க. என் மல்லிகை பாதியில நிக்குது, புது நூல் வேற சிவப்பு, கால் மெசின்ல கோணலாக் கடகடன்னு ஓட்டியிருக்காங்க. திருடுனது கூடப் பரவால்ல, அந்தத் தையல்!

மஸ்கெலியா தங்கச்சி:
படத்தப் போடுங்க அக்கா, பாப்போம்.

ஹட்டன் சோடனை அக்கா:
மாட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது, பாவம், கொடிய நல்லாருக்குன்னு கீழ எழுதியிருக்கா.