3 என்றால் 3 கிராமா? மோல் கணக்கில் ஒரு சந்தேகம்

வாலாஜா மாணவி:
பிளஸ் ஒன் தமிழ் வழி. நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3 சேர்ந்தால் அம்மோனியா 2 என்று சமன்பாடு. மொத்தம் 4 தானே, மீதி 2 எங்கே போனது? நிறை அழியாது என்று படித்தோமே. அப்புறம், அந்த 3 என்பதை 3 கிராம் என்று எடுத்துக்கொள்ளலாமா? நாளை மறுநாள் தேர்வு.

காட்பாடி ஆசிரியர்:
அவை மூலக்கூறுகளின் எண்ணிக்கை, எடை இல்லைம்மா. மூலக்கூறு உடைந்து அணுக்கள் வேறு விதமாகச் சேர்கின்றன, அதனால் எண்ணிக்கை மாறலாம். அணுக்களை எண்ணிப் பார். இரண்டு பக்கமும் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 6. மோல் என்பது டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணும் ஒரு பெரிய கட்டு. நைட்ரஜன் ஒரு மோல் 28 கிராம், ஹைட்ரஜன் மூன்று மோல் 6 கிராம். 28 + 6 = 34, அம்மோனியா இரண்டு மோலும் 34 கிராம்தான்.

ராணிப்பேட்டை டேனரி லேப்:
தங்கச்சி, சார் சொன்னது சரி. கிராம் விஷயத்தை நான் சொல்கிறேன், என் வேலையே அதுதான். தோல் பதனிடும்போது குரோம் உப்பை ஏற்றி முடித்ததும் டிரம்மிலிருந்து வரும் தண்ணீரில் குரோமியம் மிச்சமிருக்கும். மக்னீசியம் ஆக்சைடு போட்டு அதை ஹைட்ராக்சைடாகப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே பயன்படுத்துகிறோம்.

நாங்கள் போடும் குரோம் உப்பில் ஒரு குரோமியத்துக்கு ஒரு மக்னீசியம் ஆக்சைடு போதும். 1க்கு 1 என்றதும் கிலோவுக்குக் கிலோ என்று தோன்றும். அப்படி இல்லை. குரோமியம் ஒரு மோல் 52 கிராம், மக்னீசியம் ஆக்சைடு 40 கிராம். லிட்டருக்கு 2.6 கிராம் குரோமியம் உள்ள தண்ணீர் 1000 லிட்டர் என்று வைத்துக்கொள். மொத்தம் 2600 கிராம், அதாவது 50 மோல். 50ஐ 40ஆல் பெருக்கினால் 2000 கிராம், 2 கிலோ. மூட்டையில் தூய்மை 80 சதவீதம்தான் என்றால் 2.5 கிலோ. தண்ணீரில் மிச்சமிருக்கும் அமிலமும் தன் பங்குக்கு மக்னீசியத்தைத் தின்னும், அதற்கும் சேர்த்துப் போட வேண்டும்.

குறைத்துப் போட்டால் குரோமியம் படியாமல் கழிவுநீரோடு போய்விடும். பாலாறு பட்டது போதும், அதனால் இந்தக் கணக்கில் நான் கறாராக இருப்பேன். காஸ்டிக் சோடா என்றால் கூடுதலாகப் போட்டாலும் ஆபத்து, படிந்தது திரும்பக் கரையும். மக்னீசியம் ஆக்சைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொஞ்சம் கூடினாலும் பிஎச், அதாவது அமில-கார அளவு, எகிறாது.

வாலாஜா மாணவி:
புரிகிறது அண்ணா. கிராமை மோலாக்கி, விகிதம் போட்டு, திரும்பக் கிராமாக்க வேண்டும். 28 கிராம் நைட்ரஜனுக்கு 3 கிராம் ஹைட்ரஜன்தான் இருக்கிறது என்றால்? ஹைட்ரஜன் 1.5 மோல், அதற்கு நைட்ரஜன் அரை மோல். அம்மோனியா 17 கிராம் வருமா?

காட்பாடி ஆசிரியர்:
வரும். நைட்ரஜன் 14 கிராம் வினைபுரியாமல் நிற்கும். முதலில் தீர்ந்துபோகும் ஹைட்ரஜன்தான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. 28 + 3 = 31, 17 + 14 = 31 என்று கடைசியில் சரிபார்த்துவிடு. மோல் வரியை விடைத்தாளில் விடாமல் எழுதும்மா, அதற்கும் மதிப்பெண் உண்டு.