மேல்நிலைப் பள்ளியில் வணிகப் பாடம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
மேல்நிலைப் பள்ளியில் சேரவிருக்கும் என் மகள் கணக்குப்பதிவியல், தொழில்முனைவு, வேலைக்கான ஆயத்தப் பயிற்சி ஆகியவற்றுள் ஒன்றை விருப்பப் பாடமாக எடுக்கலாம். எத்துறைக்குச் செல்வாள் என்பது தெளிவாகாத நிலையில், எது கூடுதலாகப் பயன்படும்?

பதில் 1:
கணக்குப்பதிவியலையே பரிந்துரைப்பேன். இத்தாலியக் கணித அறிஞர் லூகா பச்சோலி 1494-ஆம் ஆண்டில் அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையே இன்றைய கணக்கு மென்பொருள்களுக்கும் அடிப்படை என்பதால், ஒவ்வொரு பற்றுக்கும் ஈடான வரவு உண்டு என்பதைக் கையால் எழுதிப் பழகியவருக்கு எந்த மென்பொருளும் மிரட்சி தராது. மேலும், ஏட்டில் இலாபம் காட்டும் நிறுவனமே, கடனுக்கு விற்ற பணம் வந்து சேராமையால் ஊதியம் கொடுக்க இயலாமல் தவிக்கக்கூடும். இலாபம் வேறு, கையிருப்பு வேறு என்பது இப்பாடத்தில்தான் நன்கு விளங்கும்.

பதில் 2:
உடன்படுகிறேன், எனினும் தொழில்முனைவை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். மாணவர்களே சிறு நிறுவனம் தொடங்கி, பொருள் தயாரித்து, விற்று, இறுதியில் கணக்கை முடிக்கும் வகையில் பாடம் அமைந்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். மாணவர்களுக்குத் தொழில்முனைவு கற்பிப்பதற்காக 1919-இல் தொடங்கப்பட்ட ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு இம்முறையால்தான் பெயர் பெற்றது. திட்ட அறிக்கை எழுதுவதோடு நின்றுவிடும் பாடமானால் (அத்தகையவை ஏராளம்) தேவையில்லை.

பதில் 3:
தன்விவரக் குறிப்பு எழுதுவதையும் நேர்காணலையும் குறுகிய பயிலரங்கிலேயே கற்றுவிடலாம். அதற்காக ஓராண்டுப் பாடத்தைச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து.