'முன் அனுபவம் தேவை' என்ற வரியோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

11 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருந்தேன். வேலை விளம்பரங்களை எழுதுவது என் பொறுப்பு. "குறைந்தது 2 ஆண்டு முன் அனுபவம்" என்பதை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்று கணக்கில்லை. தொடக்கநிலை எழுத்தர் பணிக்குக்கூட அதைப் போட்டோம். அந்த வேலையைப் பழக மூன்று வாரம் போதும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பங்கள் குவியும், அத்தனையையும் படிக்க ஆள் இருக்காது. பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்துவதற்குத்தான் அந்த வரி.

ஒருமுறை 22 வயதுப் பெண் ஒருவர் நேர்காணலுக்கு வந்தார். எங்கள் படிவத்தில் "படிப்பு முடிந்தபின் இடைவெளி இருந்தால் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அவர் அதில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அழித்திருந்தார். அந்த இடத்தில் மட்டும் தாள் தேய்ந்து நைந்திருந்தது. மேலே பேனாவால் "கணினிப் பயிற்சி" என்று எழுதியிருந்தார். அடியில் இருந்ததைச் சாய்த்துப் பிடித்துப் படிக்க முடிந்தது: "பாட்டியைக் கவனித்துக்கொண்டேன்."

கேட்டேன். "வீட்டில் இருந்தேன் என்று எழுதினால் கூப்பிடவே மாட்டார்கள் என்றார்கள், சார்" என்றார். படுத்த படுக்கையாக இருந்த பாட்டிக்கு 14 மாதம் வேளை தவறாமல் மருந்து கொடுத்து, செலவுக் கணக்கெழுதி, மருத்துவரிடம் பேசியிருக்கிறார். எங்கள் அலுவலகத்துக்கு வேண்டியதும் அந்த ஒழுங்குதான். ஆனால் என் மேலதிகாரி அனுபவச் சான்றிதழ் வைத்திருந்த இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அந்த 14 மாதத்தில் அவர் வேலையில்லாதவர் கணக்கிலும் வந்திருக்க மாட்டார். வேலை தேடிக்கொண்டிருப்பவரைத்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில், 2023-இல் உலகில் 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் வேலையின்மை 13 சதவீதம். ஆனால் படிப்பிலோ வேலையிலோ பயிற்சியிலோ இல்லாதவர்கள் அந்த வயதினரில் ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். வேலையின்மை விகிதத்தை மட்டும் வைத்துத் திட்டம் தீட்டினால், தாளை அழித்து அழித்து எழுதிய அந்தப் பெண் யார் கண்ணிலும் படமாட்டார்.

"இன்றைய பிள்ளைகளிடம் திறமை இல்லை" என்று நிர்வாகக் கூட்டங்களில் நூறு முறை கேட்டிருக்கிறேன். பாடத்திட்டம் பழையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் நிறுவனமும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்தால் போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயம். எதிர் நிறுவனத்துக்கும் இதே பயம். எல்லோரும் அடுத்தவர் பழக்கிய ஆளுக்காகக் காத்திருந்தால், முதல் வேலையை யார்தான் தருவது? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

* * *

நான் 2009-இல் படிப்பை முடித்தேன். உலகமே ஆட்குறைப்பில் இருந்த நேரம். நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது புதிய ஆளெடுப்பு. இரவு முறையில் பார்சல் பிரிக்கும் வேலைக்குப் போனேன். படித்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சந்தை தேறியபோது நிறுவனங்கள் அந்த ஆண்டு முடித்தவர்களைத் தேடின, எங்களைத் தேடவில்லை.

கனடாவில் பட்டதாரிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, மந்த காலத்தில் படித்து முடித்தவர்களின் வருமான இழப்பு நீங்க ஏறத்தாழ 10 ஆண்டு ஆகிறது என்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவரை எல்லாம் என் குறை என்றே நினைத்திருந்தேன்.

இன்னொன்று. மூன்று வேலைவாய்ப்புப் பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். மூன்றாவதில் 40 பேர் இருந்தோம். அழகாகத் தன்விவரக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு 40 பேரும் ஒரே ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பித்தோம். வேலை தேட ஆலோசனை கிடைத்தவர்கள் அடைந்த பலனில் ஒரு பகுதி, கிடைக்காதவர்களிடமிருந்து பறிபோனதுதான் என்று பிரான்சில் படித்த இளைஞர்களிடையே நடத்திய ஆய்வும் காட்டியது. வேலைகளே பெருகாமல் வரிசையை மட்டும் ஒழுங்குபடுத்துவதால் என்ன பயன் என்று ஆட்சியாளர்களிடம் கேட்கத் தோன்றுகிறது.

* * *

லேத் பட்டறையில் 19 ஆண்டுகளாகத் தொழில் பழகுநர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மேலே எழுதியவரின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் எல்லாப் பயிற்சியையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பையன் வந்தான். தேர்வில் நல்ல மதிப்பெண். நுண்ணிய அளவு பார்க்கும் திருகுக் கருவியான மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் இடுக்கி போல இறுக்குவான். ஒரே தண்டை மூன்று முறை அளந்தால் மூன்று அளவு வரும். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான், விரலுக்கு மட்டும் எவ்வளவு அழுத்துவது என்று தெரியாது. முனையிலுள்ள ராட்செட் என்ற சிறு குமிழைத் திருகி, 'டிக், டிக்' என்று சத்தம் வந்ததும் கையை எடு என்றேன். நான்கு நாளில் பழகிவிட்டான். ஐந்தாம் நாள், "சார், சத்தம் கேட்கவே வேண்டாம், கையிலேயே தெரிகிறது" என்றான். இதை வகுப்பறையில் கற்றுக்கொடுக்க முடியாது.

ஜெர்மனியில் பழகுநர் வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள் நிறுவனத்திலும் இருப்பார், ஊதியமும் உண்டு. பெரும்பாலான தொழில்களுக்கு இரண்டு முதல் மூன்றரை ஆண்டு. 1969-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. கொலம்பியாவில் மூன்று மாத வகுப்போடு மூன்று மாத நிறுவனப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்த திட்டத்தில் பெண்களின் வருமானம் நன்றாகவே உயர்ந்தது. தென்னாப்பிரிக்கா 2014 முதல், இளைஞரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு 2 ஆண்டு வரை வரிச்சலுகை தருகிறது. போட்டியாளர் கொத்திக்கொண்டு போவார் என்ற அந்தப் பயத்தில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வதாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

ஆனால் பழகுநர் என்று பெயர் வைத்து, பெருக்கவும் சுமக்கவும் மட்டும் விடுகிற பட்டறைகளையும் நேரில் பார்த்திருக்கிறேன். பையன் என்ன கற்றான் என்று வெளியாள் ஒருவர் வந்து சோதிக்காத திட்டத்துக்கு ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது.

* * *

இழையைத் தொடங்கியவன் மீண்டும் எழுதுகிறேன். இப்போது வேறொரு சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். இங்கே சேர்ந்ததும், படிவத்திலிருந்து அந்த இடைவெளிக் கட்டத்தை நீக்கச் சொல்லிக் கேட்டேன், நீக்கிவிட்டார்கள். தொடக்கநிலைப் பணிகளுக்கு அனுபவம் கேட்பதில்லை. அரை நாள் உண்மையான வேலையைக் கொடுத்துப் பார்க்கிறோம், அந்த அரை நாளுக்கு ஊதியமும் தருகிறோம்.

பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி. புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் மூத்த ஊழியரின் அன்றாட வேலை தேங்கிவிடுகிறது. அந்த நான்கு நாள் உங்கள் உற்பத்திக் கணக்கை யார் ஈடுகட்டினார்கள்? எங்கள் நிர்வாகம் அடுத்த வாரம் என்னிடம் இதைத்தான் கேட்கப்போகிறது.