மார்ச்சில் ஆனைமலைப் பக்கம் போகலாமா?

கேள்வி: மார்ச் முதல் வாரம் கோயம்புத்தூரிலிருந்து டாப்ஸ்லிப், வால்பாறை, அப்புறம் மூணாறு போய் இரவிகுளத்தில் வரையாடு பார்க்கத் திட்டம், கூட அம்மாவும் ஆறு வயதுப் பையனும். மூன்று நாள் போதுமா?

பதில் 1: இரவிகுளத்தை விட்டுவிடுங்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பொதுவாக மூடிவிடுவார்கள், நாங்கள் தெரியாமல் போய் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பதில் 2: வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பையனுக்கு வயிறு முட்டக் கொடுத்து ஏற்றாதீர்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு சாலையோர மரத்திலேயே உட்கார்ந்து பலாவைப் பிய்த்துக்கொண்டிருக்கும், பாவம் பார்த்து பிஸ்கட் நீட்டிவிட வேண்டாம்.

பதில் 3: மூணாறுக்குப் பதில் பரம்பிக்குளம் போங்கள். கேரளாவில் இருந்தாலும் சாலை என்னவோ நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். காட்டுமாடு, மான் தெரியும். புலிக்கு மட்டும் பையனிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.