பத்துக் கிலோ பையுடன் இறங்கும்போது பெருவிரல் நகத்தில் இரத்தம் கட்டுகிறது: காலணி குறித்து உதவி தேவை

கொல்லிமலை, ஏற்காடு போன்ற இடங்களில் மூன்று கிலோ பையுடன் ஒரே நாளில் முடியும் ஹைக்கிங் சென்றபோதெல்லாம் என் காலணியால் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. டிசம்பர் இறுதியில் உத்தரகண்டின் சாங்க்ரியிலிருந்து, ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்கந்தாவுக்கு, உடைமைகளை நானே சுமந்து பனியில் நான்கு நாள் ட்ரெக்கிங் செல்ல இருக்கிறேன். அதற்காக ஆறு வாரமாகச் சனி, ஞாயிறு இரு நாளும் மருதமலைப் படிகளில் பத்துக் கிலோ பையுடன் பழகி வருகிறேன். ஏறும்போது வலியில்லை; இறங்கும்போது மட்டும் பெருவிரல் காலணியின் முனையில் இடித்து, இரண்டாம் நாள் நகத்தடியில் கருநீலமாக இரத்தம் கட்டிவிடுகிறது.

காலணி எட்டாம் அளவு, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் வகை. அதன் அடிப்பாகத்தைக் கையாலேயே வளைத்துவிடலாம். நகத்தை ஒட்ட வெட்டிப் பார்த்தேன். தடித்த கம்பளிக் காலுறை அணிந்ததில் விரல்கள் நெருக்குண்டு வலி கூடியது. இறங்குவதற்கு முன் குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, மேல் கயிற்றை இறுக்கிக் கட்டியதில் ஒரு மணி நேரம் பலன் இருந்தது. பிறகு பாதம் மீண்டும் முன்னே வழுக்கியது. ஒருநாள் நடைக்கு இந்த இலகுவான காலணியே சிறந்தது என்று இன்றும் நம்புகிறேன்; சுமை கூடி, மறுநாளும் அதே கால்களால் நடக்க வேண்டியிருக்கும்போதுதான் அது போதவில்லை.

புதிய காலணியைப் பழக்கிக்கொள்ள ஐந்து வாரமே இருக்கிறது. இதே வகையில் அரை அளவு பெரியதை வாங்கினால் போதுமா, அல்லது கணுக்காலை மூடும், அடிப்பாகம் விறைப்பான ட்ரெக்கிங் பூட்ஸுக்கு மாறியே ஆக வேண்டுமா?